63-ஆம் மரத்தின் துணைக்கால்

செப்டம்பர் 18, வியாழன்

தூங்குமூஞ்சி மரத்தின் ஒரு கிளை இன்று தூங்கவில்லை.

சாயங்காலம் அப்பாவைக் கூப்பிடப் போனபோது பார்த்தேன். மற்ற கிளைகளில் இலைகள் ஜோடி ஜோடியாக மடிந்துவிட்டன. தெருப் பக்கம் நீண்டிருக்கும் பெரிய கிளையில் மட்டும் மதியம் இருந்த மாதிரியே விரிந்து, ஓரம் பழுத்து இருந்தன. அப்பாவிடம் காட்டினேன்.

"அதுக்கு இன்னைக்கு நைட் டூட்டி போல பாப்பா" என்றார்.

தபால் நிலையத் தெருவில் அந்த மரத்தடியில்தான் அப்பாவின் பஞ்சர் கடை. கடை என்றால் ஒரு தகரப் பெட்டி, காற்றடிக்கும் கம்ப்ரசர், ட்யூபை முக்கிப் பார்க்க ஒரு தண்ணீர்த் தொட்டி. கூரை கிடையாது, மரம்தான் கூரை. அடிமரத்தில் ஆணி அடித்துப் பழைய டயர்களை மாட்டி வைத்திருக்கிறார்.

போன மே மாதம் கரண்ட்காரர்கள் ஒயருக்காக ஒரு பக்கக் கிளைகளைக் கழித்துவிட்டுப் போனார்கள். மறுநாள் பதினொரு மணி வெயில் நேரே அப்பாவின் முதுகில் விழுந்தது. மூன்றாம் நாள் ஸ்பேனரைப் பிடித்தபடியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிச் சீட்டில் வெப்பத் தாக்கு என்று எழுதியிருந்தது. அப்பா மட்டும் இன்றுவரை "லேசா கண்ணசந்துட்டேன்" என்றுதான் எல்லாரிடமும் சொல்கிறார். பலகையை மறுபக்கத்து நிழலுக்கு மாற்றிப் போட்டோம். அதிலிருந்து வெயில் எங்கே விழுகிறது என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

செப்டம்பர் 22, திங்கள்

ஜெராக்ஸ் கடைக்குப் பெரிய வேலை வந்திருக்கிறது.

நான் வேலை செய்வது நகராட்சி அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் ஜெராக்ஸ் கடையில். முதலாளி ரெஜினா அக்கா. வருகிறவர்களிடம் பேசுவது அக்காவின் வேலை, டைப் அடிப்பது என் வேலை. பதினோராம் வகுப்பு படிக்கும்போது அம்மாவுக்கு ஆபரேஷன் ஆகி மூன்று மாதம் வீட்டில் இருந்தேன். பிறகு திரும்பிப் போகக் கூச்சமாக இருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்களே என்று ஒரு வாரம் தள்ளினேன். அந்த ஒரு வாரம் இப்போது ஒன்றரை வருடம் ஆகிவிட்டது.

நகராட்சியில் தட்டச்சர் இடம் காலியாக இருப்பதால் அவர்கள் பட்டியல்கள் எல்லாம் எங்களிடம்தான் வரும். இன்று வந்தது தெருமரங்களின் கணக்கு. ஜூன் மாதக் காற்றில் சந்தைத் தெருவில் ஒரு வாகை மரம் நின்றிருந்த ஆட்டோ மேல் சாய்ந்தது. நல்ல வேளை, உள்ளே ஆள் இல்லை. மழைக்காலத்துக்கு முன்னால் ஊரில் உள்ள ஒவ்வொரு தெருமரத்தையும் பார்த்து நம்பர் போடச் சொல்லி ஆணையர் உத்தரவு. "காலநிலை மாற்ற இடர் தணிப்பு நடவடிக்கையின் கீழ் தெருமரங்கள் கணக்கெடுப்பு மற்றும் பராமரிப்புப் பொறுப்பு நிர்ணயம்" என்று தலைப்பு.

"தலைப்பே மரம் ஒசரத்துக்கு இருக்கு" என்றார் அக்கா.

தாள்களைக் கொண்டுவந்தவர் தனுஷ்கோடி மேஸ்திரி. நகராட்சியில் முப்பது வருடமாக இருப்பவர். மூன்று வாரம் மஞ்சள் பெயின்ட் டப்பாவோடு தெருத் தெருவாக நடந்து எழுதியிருக்கிறார். எழுத்து முத்து முத்தாக இருக்கிறது.

"எல்லாத்தயும் தொட்டுப் பாத்து எழுதினது அம்மாடி. பாத்து அடி" என்றார் என்னிடம். நான் தலையாட்டினேன்.

செப்டம்பர் 23

குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில், நல்ல மரங்களுக்கு மேஸ்திரி "நலம்" என்று எழுதியிருக்கிறார். 4, புங்கை, நலம். 5, புங்கை, நலம். 6, வேம்பு, நலம். யாரோ வெளியூரிலிருந்து கடிதம் போட்ட மாதிரி இருக்கிறது. இருபது வரை அடித்தேன். கை வலிக்கவில்லை.

செப்டம்பர் 25, வியாழன்

29-ஆம் மரத்தில் சந்தேகம். மாமரம், "பட்டா மரம்" என்று இருந்தது. அதற்கு மேலே 22-ல் "பட்ட மரம்". இரண்டும் ஒன்றா, மேஸ்திரிக்குக் கை நீண்டுவிட்டதா என்று தெரியவில்லை. அக்கா போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"ரெண்டும் வேற வேற தாயி" என்றார் மேஸ்திரி. "பட்ட மரம்னா செத்துப்போனது, இல இருந்தாலும் உள்ளுக்குள்ள செத்ததும் அதுலதான் சேத்தி. அத நாங்க வெட்டணும். பட்டா மரம்னா ஒருத்தருக்குப் பட்டா உள்ள எடத்துல நிக்கிது. அத நாங்க தொடக்கூடாது, அவங்களுக்கு நோட்டீஸ் குடுத்துட்டு ஒதுங்கிக்கணும்."

"அடேங்கப்பா" என்றார் அக்கா. "ஒரு துணைக்கால் வச்சா சொத்து, எடுத்துட்டா வெறகு."

அறுபது வரை முடித்தேன்.

செப்டம்பர் 26, வெள்ளி

63. தூங்குமூஞ்சி. தபால் நிலையத் தெரு, அம்பலவாணன் வீட்டு வாசல். சுற்றளவு 340 செ.மீ. பட்ட மரம். அகற்ற வேண்டும்.

அப்பா மரம்தான்.

அந்த வரிசையில் கை நின்றது. அக்கா டீ குடிக்கக் கூப்பிட்டார். குடித்தேன். திரும்பி வந்து 118 வரை அடித்தேன். அக்கா இரண்டு தடவை சரிபார்க்கச் சொன்னார். நான் மூன்று தடவை பார்த்தேன். மேஸ்திரி எழுதிய தாள்களை மேஜை இழுப்பறையில் வைத்தேன்.

மதியம் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோனேன். பன்னிரண்டரை மணி. அப்பா உட்காரும் பலகை மேல் ஒரு பொட்டு வெயில்கூட இல்லை.

செப்டம்பர் 27

மேஸ்திரி பட்டியலை வாங்கிக்கொண்டு போனார்.

அக்டோபர் 6, திங்கள்

அம்பலவாணன் சார் வீட்டுக்கு நகராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறதாம். அப்பா சாப்பிடும்போது சொன்னார்.

மரத்துக்கு நேர் பின்னால் இருப்பது அவர் வீடு. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பன்னிரண்டு வருடமாக அப்பாவின் தொட்டிக்குத் தண்ணீர் அவர் வீட்டுக் குழாயிலிருந்துதான். அவர் மனைவி நாலு மணிக்குக் காபி கொடுத்தனுப்புவார். சர்க்கரை மட்டும் போதாது என்பார் அப்பா.

"மரம் அவர் பட்டா எடத்துல இருக்காம். அவரே அவர் பொறுப்புல வெட்டிக்கணும்னு போட்டிருக்கான். மனுசன் காலைல படிச்சுட்டு வெலவெலத்துப் போயிட்டாரு. மத்தியானம் இன்னொரு தடவ படிச்சாரு. அப்புறம் ஒரே சிரிப்பு" என்றார் அப்பா.

"எதுக்கு சிரிப்பு?" என்றார் அம்மா.

"யாருக்குத் தெரியும்."

கை தவறியிருக்கும். நூற்றுப் பதினெட்டு வரிசை அடித்தால் ஒன்று தவறத்தான் செய்யும்.

அக்டோபர் 7, செவ்வாய்

அம்பலவாணன் சார் அந்த நோட்டீஸை லேமினேட் செய்ய எங்கள் கடைக்கே வந்தார்.

"நல்லா கெட்டியா போடும்மா. வாசலுக்கும் ரோட்டுக்கும் நடுவுல உள்ள அந்த ஆறடி யாருதுன்னு இருவது வருசமா கேட்டுக் கேட்டு செருப்பு தேஞ்சுபோச்சு. இப்ப அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க, பட்டா நெலம்னு."

"மரத்த எப்ப சார் எடுக்கப்போறீங்க?" என்றார் அக்கா.

"மரமா? மரத்த நானா வச்சேன்? மரம் அவங்களுது. எடந்தான் என்னுது."

"அப்ப மரம் விழுந்தா?"

"விழுந்தா ரோட்டுல விழும். ரோடு அவங்களுது."

அக்கா சிரித்தார். நான் நோட்டீஸை மெஷினில் விட்டேன். "ஏற்படும் சேதத்துக்கு நகராட்சி பொறுப்பாகாது" என்ற வரி ரோலருக்குள் மெதுவாகப் போய் அந்தப் பக்கம் பளபளவென்று வந்தது. ஓரத்தில் ஒரு காற்றுக் குமிழி நின்றுவிட்டது. சார் அதையும் நகத்தால் தள்ளிச் சரிசெய்துகொண்டார்.

அக்டோபர் 9, வியாழன்

சார் அப்பாவிடம் பேசிவிட்டார்.

"வீரையா, நான் ஒன்னும் இப்பவே போன்னு சொல்லல. தீபாவளி கழியட்டும். வாசல் கேட்டக் கொஞ்சம் முன்னாடி தள்ளி வைக்கலாம்னு இருக்கேன்" என்றாராம். சொல்லும்போது அப்பா முகத்தைப் பார்க்காமல் கம்ப்ரசரைப் பார்த்துச் சொன்னாராம்.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று அம்மா கேட்டார்.

"பாக்கலாம் சார்னேன். வேறென்ன சொல்றது. இத்தன வருசம் தண்ணி குடுத்த மனுசன்."

மரம் போகக் கூடாது என்றுதான் நினைத்தேன். அப்பா போவது பட்டியலில் எங்கேயும் இல்லை.

அக்டோபர் 10

எதுவும் எழுதத் தோன்றவில்லை. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் இருபத்தாறு பேருக்கு ஜெராக்ஸ் போட்டேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

அப்பாவும் நானும் டி.வி.எஸ். வண்டியில் மரம் பார்க்கப் போனோம். கடையை மாற்ற வேண்டி வந்தால் எங்கே என்று பார்க்க.

எனக்கு நம்பர்கள் மனப்பாடமாக இருப்பது அப்பாவுக்கு ஆச்சரியம். "அடுத்து 71, வேம்பு, நலம்" என்று பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். 71-க்குக் கீழே டிரான்ஸ்பார்மர். 84 புங்கைக்குக் கீழே சாக்கடை மூடி இல்லை. 90 முதல் 97 வரை நல்ல வரிசை, ஆனால் அது பெண்கள் பள்ளிக்கூடச் சுவர், கடை போட விடமாட்டார்கள். நான் படித்த பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமைதான் என்றாலும் தலையைக் குனிந்துகொண்டேன். பஸ் நிலையத்தில் நம்பர் போட ஒரு மரம்கூட இல்லை, புது ரோடு போட்டபோது எல்லாம் போய்விட்டது. அங்கே பழக்காரர் ஒருவர் தன் வண்டியின் நிழலில் தானே குந்தியிருந்தார்.

"மாப்பிள்ள பாக்கப் போனாக்கூட இவ்வளவு குத்தம் சொல்லமாட்ட போலிருக்கே" என்றார் அப்பா.

நான் சிரித்தேன். திரும்பும் வழியில் இரண்டு பேரும் கரும்புச்சாறு குடித்தோம்.

அக்டோபர் 15, புதன்

மதியம் மூன்று மணிக்குப் பெரிய காற்று என்று சொல்ல முடியாத ஒரு காற்று அடித்தது. தெருப் பக்கத்துக் கிளையிலிருந்து ஒரு துண்டு முறிந்து அப்பாவின் தண்ணீர்த் தொட்டி மேல் விழுந்தது. தொட்டி இரண்டாகப் பிளந்துவிட்டது. அப்பா அந்த நேரம் பெட்டிக்குப் பின்னால் வால்வு தேடிக்கொண்டிருந்தார்.

நான் ஓடிப்போய்ப் பார்த்தேன். முறிந்த இடத்தில் உள்ளே மரமே இல்லை, ஈரமான காப்பிப்பொடி மாதிரி இருந்தது. அடிமரத்தில் டயருக்குப் பின்னால் தட்டுத் தட்டாகக் காளான்.

"தொட்டிதானே" என்றார் அப்பா. "எனக்கு ஒன்னும் ஆவல. பன்னெண்டு வருசம் கூட இருந்தது என்மேல விழுமா?"

அம்பலவாணன் சார் உள்ளேயிருந்து ஒரு பிளாஸ்டிக் டப் கொண்டுவந்து கொடுத்தார். "இத வச்சுக்க வீரையா. பேரனக் குளிப்பாட்டுனது. அவன் இப்ப அஞ்சாவது படிக்கிறான்."

டப்பில் வாத்துப் படம் போட்டிருக்கிறது. அப்பா அதில் லாரி ட்யூபை முக்குவது பார்க்க ஒரு மாதிரி இருந்தது.

அக்டோபர் 16, வியாழன்

மரம் வெட்டும் வண்டி வந்தது. தனுஷ்கோடி மேஸ்திரிதான் முன்னால் நின்று ஆள்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். தபால் நிலையத் தெருவில் 61-ல் கிளை கழித்தார்கள். 62-ல் கழித்தார்கள். 63-ஐத் தாண்டி 64-க்குப் போனார்கள். நான் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன நேரம் அது.

"மேஸ்திரி, நேத்து இதுல கெள முறிஞ்சுது. இதப் பாக்கலையா?" என்று அப்பா கேட்டார்.

"பாக்க ஆசதான் வீரையா. லிஸ்ட்ல பட்டான்னு இருக்கே. கைய வச்சா நாளைக்கு அந்த சார் கேஸ் போடுவாரு." தாளைக் கண்ணுக்குக் கிட்டே வைத்தார், தூர வைத்தார். "நான் பட்ட மரம்னு எழுதின மாதிரிதான் இருக்கு. தட்டிப் பாத்தேன், டொக்குனு சத்தம் வந்துது. ஆனா பேப்பர் வேற சொல்லுதே. எனக்குத்தான் புத்தி தடுமாறுது போல. ரிட்டயர்மென்டுக்கு இன்னும் எட்டு மாசம் இருக்கு, அதுக்குள்ள இப்படி."

"கண்ணு டெஸ்ட் பண்ணுங்க" என்றார் அப்பா.

"ஞாயித்துக்கிழம கேம்ப் இருக்காம். போகணும்."

நான் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அக்டோபர் 17, வெள்ளி

ரெஜினா அக்கா ஸ்டேப்ளர் பின் தேடி இழுப்பறையைத் திறந்தார். மேஸ்திரியின் தாள்கள் கையில் கிடைத்தன. முறிந்த கிளையைப் பற்றி நேற்று நான் சொல்லியிருந்தேன். அக்கா சும்மா 63-ஐப் பார்த்தார். பிறகு கம்ப்யூட்டரில் நான் அடித்ததைத் திறந்து பார்த்தார். கடையில் வேறு யாரும் இல்லை.

"கோபிகா" என்றார். எப்போதும் கோபி என்றுதான் கூப்பிடுவார். "இது கை தவறுனதா?"

நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

அக்கா தாள்களைத் திரும்ப இழுப்பறையில் வைத்தார். "சரி. தீபாவளி முடிஞ்சதும் நான் போய்ச் சொல்றேன். எழுத்துப் பிழை, திருத்திக்குங்கன்னு. பயப்படாத."

திருத்துவதற்கு மனு ஒன்று அடித்து வைக்கலாம் என்று உட்கார்ந்தேன். "கவனக்குறைவால்" என்று தொடங்கினேன். அழித்தேன். "அவசரத்தில்" என்று தொடங்கினேன். அதையும் அழித்தேன்.

அக்டோபர் 20, தீபாவளி

மழை. பட்டாசு நமுத்துவிட்டது. அப்பா எனக்குப் பச்சையில் சுடிதார் எடுத்திருந்தார். "மரத்துக்கு மேட்ச்" என்றார்.

மழையில் போய்க் கடையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். நான் விடவில்லை. கோபித்துக்கொண்டு கையைப் பிடித்து உட்காரவைத்தேன். அப்பா என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

அக்டோபர் 22, புதன்

காலையில் டீக்கடை டி.வி.யில் சொன்னார்கள். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், நாளை மறுநாள் புயலாக எங்கள் கரைப் பக்கம் வரும். டீக்கடைக்காரர் கஜா புயல் வந்த வருடத்தைப் பற்றிப் பேசினார். முன்பெல்லாம் கடல் நான்கு நாள் முன்னால் தாக்கல் சொல்லும், இப்போது படுத்து எழுந்திருப்பதற்குள் புயலாகிவிடுகிறது என்றார்.

அப்பா வழக்கம்போல் எட்டு மணிக்குக் கடைக்குக் கிளம்பினார். "புயல் வர்றதுக்கு முன்னாடிதான் வேல ஜாஸ்தி பாப்பா. ஊரே வண்டிக்குக் காத்து அடிச்சு வச்சுக்கும். மரத்துல ரெண்டு கயிறு கட்டிட்டாப் போதும்."

ரெஜினா அக்காவுக்கு இன்று மாமியார் ஊரில் துக்கம், மதியம்தான் வருவார். நான் கடையைத் திறந்தேன். இழுப்பறையிலிருந்து மேஸ்திரியின் தாளை எடுத்தேன். நான் அடித்ததை ஒரு பிரதி எடுத்தேன். கடையைச் சாத்திவிட்டு ரோட்டைத் தாண்டினேன். ஒரு வருடத்துக்கு மேலாக எதிரே உட்கார்ந்திருக்கிறேன், உள்ளே போனது இதுதான் முதல் தடவை.

மரக் கணக்கைப் பார்க்கும் உதவிப் பொறியாளர் ஷகிலா பானு மேடம் அறையில் ஒரே கூட்டம். மணல் மூட்டை, ஜெனரேட்டர், பள்ளிக்கூடத்துச் சாவி என்று ஆளுக்கு ஒன்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். தனுஷ்கோடி மேஸ்திரியும் ஓரமாக நின்றார். நான் கதவருகே நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. எல்லாரும் போய், மேஸ்திரி மட்டும் இருந்தபோது மேடம் என்னைப் பார்த்தார்.

"என்னம்மா?"

"63" என்றேன்.

"என்ன 63?"

இரண்டு தாளையும் மேஜை மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரிசையில் விரலை வைத்தேன். "இதுல கால் இல்ல. நான் அடிச்சதுல கால் இருக்கு."

மேடம் பார்த்தார். மேஸ்திரி எட்டிப் பார்த்தார்.

"கை தவறிடுச்சா?" என்றார் மேடம்.

ஆமாம் என்று தலையாட்ட முடியும். அதற்கு வாயைத் திறக்கக்கூட வேண்டாம்.

"இல்ல மேடம். தெரிஞ்சுதான் அடிச்சேன்."

"ஏன்?"

"வெட்டிட்டா அப்பா மேல வெயில் வரும்."

"இப்ப ஏன் வந்த?"

"வெட்டலைன்னா அப்பா மேல மரம் வரும்."

மேஸ்திரி நீளமாக மூச்சு விட்டார். "அப்ப நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்" என்றார். சட்டைப் பையிலிருந்து புதுக் கண்ணாடியை எடுத்தார். "இத வாங்கினது தெண்டம்."

மேடம் நான் அடித்த பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் தன் கோப்பிலிருந்து எடுத்தார். கீழே "சரிபார்த்தவர்" என்ற இடத்தில் அவர் கையெழுத்து இருந்தது. அதன் மேல் விரலை வைத்தார்.

"நீ ஒரு கால் வச்ச. நான் பாக்காம கையெழுத்து வச்சேன்" என்றார். "உன்னத் திட்டுறதுக்கு எனக்கு இப்ப நேரமில்ல. மேஸ்திரி, அந்த சாருக்குக் குடுத்த நோட்டீஸ ரத்துன்னு ஒரு கடிதம் போடணும். நாளைக்குக் காலைல மொத வேல இது. இன்னைக்கு அந்த மரத்தடியில யாரும் நிக்கக் கூடாது."

நான் வாசல் வரை வந்துவிட்டேன். மேடம் கூப்பிட்டார். "அந்த ரத்துக் கடிதத்த யாரு அடிக்கிறது? நீதான் அடிக்கணும்."

அடித்துக் கொடுத்தேன். பட்டா என்று வரும் இடத்தையெல்லாம் மேடம் என் பின்னால் நின்று வாய்விட்டுப் படித்தார்.

அக்டோபர் 23, வியாழன்

காலை ஏழு மணிக்குத் தொடங்கினார்கள். தெருவில் கயிறு கட்டி எல்லாரையும் தள்ளி நிற்கச் சொன்னார்கள். அப்பா அம்பலவாணன் சார் வீட்டு வாசலில் நின்றார். சார் லேமினேட் செய்த நோட்டீஸைக் கையில் வைத்திருந்தார். மேடம் புதுக் கடிதத்தைக் கொடுத்தார். சார் இரண்டையும் மாறி மாறிப் படித்தார்.

"இதயும் லேமினேட் பண்ணவா?" என்றார். பிறகு "சரி, ஓலையக் கிழிச்சாச்சு" என்று சொல்லிவிட்டு எல்லாருக்கும் காபி போடச் சொல்ல உள்ளே போனார்.

அடிமரத்துக்கு வந்தபோது மெஷின் ரம்பம் கிறீச்சென்று நின்றது. அப்பாவின் ஆணிகள். ஒன்று எடுத்தால் இன்னொன்று. மூன்று தடவை ரம்பத்துக்குப் பல் மாற்றினார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இரும்புச் சத்து ஜாஸ்தி வீரையா ஒன் மரத்துக்கு" என்றார் மேஸ்திரி.

"வலிச்சிருக்கும்ல" என்றார் அப்பா. வேறு யாருக்கும் அது கேட்டிருக்காது.

மரம் விழுந்த பிறகு மேஸ்திரி வேர்ப் பக்கத்தை மேடத்துக்குக் காட்டினார். தெருப் பக்கத்து வேர்கள் எல்லாம் கத்தியால் சீவிய மாதிரி ஒரே நேர்க்கோட்டில் வெட்டுப்பட்டிருந்தன. "பாதாளச் சாக்கடைக் குழி தோண்டறப்ப வெட்டுனது மேடம். நாலு வருசம் ஆச்சு. அதுக்கப்புறம் மேல சிமென்ட் கல்லையும் வேற பதிச்சுட்டோம். அன்னைக்கே சாவ ஆரம்பிச்சிருக்கும்."

யார் தோண்டியது என்று மேடம் கேட்கவில்லை. அவருக்குத் தெரியும். போனில் நான்கு படம் எடுத்துக்கொண்டார். வேர் இருந்த இடத்தின் அகலத்தைத் தன் துப்பட்டாவால் அளந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அப்பா கேட்டார்.

"மேஸ்திரி சொன்னாரு. என் நெழலுக்காவா பண்ணுன?"

நான் தலையாட்டினேன்.

"மக்கு" என்றார் அப்பா. கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஒரு கொட வாங்கிக் குடுத்திருந்தாப் போதுமே."

அக்டோபர் 25

புயல் கரை கடந்தது. எங்கள் வீட்டில் ஒரு ஓடு பறந்தது. தெருவில் 112 சாய்ந்தது, அதற்குக் கீழே யாரும் இல்லை. கரண்ட் இல்லை.

அக்டோபர் 29, புதன்

அப்பா கடையை அதே இடத்தில் போட்டிருக்கிறார். அம்பலவாணன் சார் தன் சுவரிலிருந்து பச்சை வலை கட்ட விட்டார். "என் சுவர் என் பட்டாதான், அதுல சந்தேகமில்ல" என்றாராம். வலை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் பன்னிரண்டு மணிக்கு வெயில் அதில் சல்லடையாக இறங்குகிறது. அப்பாவின் கை முழுக்கக் கட்டம் கட்டமாக விழுந்தது. இரண்டு மணி வரைக்கும் சார் வீட்டு உள் வாசலில் உட்காரச் சொல்லி நானும் அம்மாவும் சொல்லியிருக்கிறோம். உட்காருகிறார், வண்டி வந்தால் எழுந்து ஓடுகிறார்.

ரெஜினா அக்காவிடம் நானே சொல்லிவிட்டேன், கை தவறவில்லை என்று. "தெரியும்டி" என்றார். "நீ அடிச்சு ஒரு புள்ளிகூடத் தவறினதில்ல. இனிமே எல்லாத்தயும் நானும் படிப்பேன். என் மூக்குக் கண்ணாடிச் செலவு உன்னோடது."

நவம்பர் 6, வியாழன்

புதுப் பட்டியல் வந்தது. "தெருமரக் கன்றுகள் நடவேண்டிய இடங்கள்." நாற்பத்தொரு இடம். இந்தத் தடவை மேடமே கட்டம் போட்டிருக்கிறார். இடம், கன்றின் வகை, குழி அளவு, எத்தனை அடிக்கு சிமென்ட் கல் எடுக்க வேண்டும், மூன்று வருடத்துக்குத் தண்ணீர் ஊற்றும் பொறுப்பு யாருடையது. கடைசிக் கட்டத்தில் மேஸ்திரி எழுதியிருந்தார்: நகராட்சி, முதல் குழு. நகராட்சி, இரண்டாம் குழு.

பதினேழாவது வரிசை தபால் நிலையத் தெரு, பழைய 63. புங்கை. ஆறடிக்கு ஆறடி. பொறுப்பு என்ற கட்டம் காலி.

அக்காவிடம் காட்டினேன்.

"மறந்திருப்பாரு. மத்ததெல்லாம் நகராட்சின்னுதான இருக்கு, நீயே போட்டுரு" என்றார். "இல்லாட்டி உங்க அப்பா பேரப் போடு. எப்படியும் அவருதான ஊத்தப்போறாரு."

ஊற்றுவார்தான். வாத்து டப்பில் மொண்டு ஊற்றுவார். ஆனால் அப்பாவுக்கு முடியாத நாளில், அப்பா ஊரில் இல்லாத நாளில், அந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறதோ அதைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள். காலியாக இருந்தால் காலியாகத்தான் பார்ப்பார்கள்.

தாளை எடுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினேன். மேடத்தின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே பேச்சுக் குரல். ஆணையரோடு கூட்டம், அப்புறம் வா என்றார் வாசலில் இருந்தவர்.

ஒரு சின்ன விஷயம்தான் என்று சொல்லிவிட்டுக் கதவைத் தட்டினேன்.